பக்கத்து சீட்டு பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வண்டியில் பிரேக் இரண்டு இருக்கும். ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில் ஒன்று. முதல் பிரேக் பெயருக்குத்தான். உயிரைக் காப்பாற்றுவது இரண்டாவது. அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் இருபத்திரண்டு வருஷமாகக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் அவள் லைசென்ஸில் இருக்கிறது. யாரும் கேட்டதில்லை, நாமும் கேட்கவேண்டாம்.

பிரேக் அழுத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாய் குறுக்கே வந்தால் அழுத்துவாள். நாய் வரும்போலத் தெரிந்தாலும் அழுத்துவாள். நாயே இல்லாவிட்டால், "போன மாசம் இங்க ஒரு நாய் படுத்திருந்துச்சு" என்று சொல்லி அழுத்துவாள். அவளிடம் படித்தவர்கள் லைசென்ஸ் வாங்கி நாலு வருஷம் ஆன பிறகும், வண்டி தானாக நின்றுவிடும் என்று ஒரு நொடி நம்பிவிட்டு அப்புறம்தான் பிரேக்கை மிதிப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

அவள் புருஷன் அதே டிரைவிங் ஸ்கூலில் முன்னறையில் பாடம் எடுப்பவர். சுவர் நீளத்துக்கு ஒரு வெள்ளை போர்டு, கையில் இரண்டு பொம்மைக் கார்கள். "வட்டம்னா உத்தரவு. முக்கோணம்னா எச்சரிக்கை. வட்டத்தை மீறினா ஃபைன், முக்கோணத்தை மீறினா ஆஸ்பத்திரி" என்பார். அவருக்குப் போர்டு சார் என்று பெயர். மனைவி உர்ரென்று இருப்பாள், இவர் சிரிக்கவைப்பார். இரண்டும் சேர்ந்துதான் அந்த ஸ்கூல் ஓடியது. மூன்றாவதாக ஆபீஸ் மேஜையில் அவர் தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார். பதினெட்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் உட்கார்ந்து ஃபாரம் நிரப்புகிறாள், ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. கேட்டால், "சமையல்காரன் வீட்டுல எல்லாரும் சமைக்கணுமா?" என்பாள். வாயில் அவளை ஜெயிக்க முடியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில், ஒருநாள் போர்டு சாரின் கால் வீங்கியது, முகம் வீங்கியது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல சேதி இல்லை என்று யாருக்குத்தான் தெரியாது?

"ரெண்டு கிட்னியும் ஒரே நேரத்துல லீவு போட்டுடுச்சும்மா. லீவ் லெட்டர்கூடக் குடுக்கல" என்று வெளியே வந்து மனைவியிடம் சொன்னார் போர்டு சார். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள், திங்கள் புதன் வெள்ளி, காலை ஏழிலிருந்து பதினொன்று வரை டயாலிசிஸ். கையில் ஊசி ஏற்றி, ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் பண்ணித் திரும்ப உள்ளே விடுவார்கள். ஒரு நாளைக்கு மூன்று சின்ன டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக்கூடாது. தண்ணீர் குடிக்கிற மனிதர்களை டிவியில் பார்த்தால்கூட அவர் சேனலை மாற்றிவிடுவார்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால் சரியாகும். பிரேக் அக்கா அன்றைக்கே சட்டைக் கையை மடித்துவிட்டாள். "என்னோடதை எடுத்துக்கோங்க." டெஸ்ட் எடுத்தார்கள், ஒத்துப்போகவில்லை. நாத்தனாருக்குச் சர்க்கரை. வேறு நெருங்கின சொந்தம் இல்லை. ஆகவே பெரிய ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கவேண்டியதாயிற்று. அங்கே பதிவு பார்க்கிற அம்மாள் ஒரு விஷயத்தை மூன்று தடவை சொன்னாள்: "யாராவது இறந்துபோய், அவங்க குடும்பம் தானம் குடுத்து, உங்களுக்குப் பொருந்தும்னு தெரிஞ்சா போன் வரும். எப்ப வரும்னு சொல்லமுடியாது. போன் வந்த ரெண்டு மணி நேரத்துல ஆள் இங்க இருக்கணும். இல்லன்னா அடுத்தவருக்குப் போயிடும்."

பெரிய ஆஸ்பத்திரி நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. இவர்கள் இந்தக் கோடி. பிரேக் அக்கா அந்த வழியைப் பதினோரு தடவை ஓட்டிப்பார்த்தாள். நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி ஐந்து நிமிஷம், இருந்தால் ஒரு மணி முப்பத்தைந்து. காலண்டருக்குப் பின்னால் எழுதிவைத்தாள். "அன்னைக்கு வண்டியை நான்தான் ஓட்டுவேன். வேற யாரும் ஸ்டியரிங்ல கை வெக்கக்கூடாது. சொல்லிட்டேன்."

யார் மறுத்துப் பேசுவது? டயாலிசிஸுக்கும் அவளேதான் கூட்டிப்போனாள், அவளேதான் நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலை வகுப்புகளை எல்லாம் சாயங்காலத்துக்குத் தள்ளி, ஒரு ஆள் மூன்று ஆள் வேலை பார்த்தாள். நாத்தனார், "அண்ணி, யாரையாவது கேக்கலாமே" என்றால், "நம்ம கஷ்டத்துக்கு ஊர்ல எவன் வீட்டுக் கதவையும் நான் தட்டமாட்டேன்" என்று ஒற்றைக்காலில் நிற்பாள்.

எத்தனை நாளைக்கு? ஒருநாள் மத்தியானம் பேக்கரிக்கார அம்மாவுக்கு வகுப்பு. சிக்னலில் வண்டி நின்றது. பச்சை விழுந்தது. பேக்கரியம்மா கிளட்ச்சை விட்டாள், ஆக்ஸிலேட்டரை மிதித்தாள், வண்டி உறுமிவிட்டு அணைந்துபோனது. மறுபடி ஸ்டார்ட் பண்ணினாள், மறுபடி அணைந்தது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. திரும்பிப் பார்த்தால், பிரேக் அக்கா இரண்டாவது பிரேக்கைக் கெட்டியாக மிதித்தபடியே, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலும் கால் வேலையை விடவில்லை!

பேக்கரியம்மா ஆபீஸுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். நேராக முன்னறைக்குப் போனாள், போர்டில் பாதியைத் துடைத்தாள், பெரிய எழுத்தில் எழுதினாள்:

"எங்கள் அண்ணன் கிட்னிக்காகக் காத்திருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். கூட உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க ஆள் வேண்டும். வெட்கப்படாமல் கேட்கிறோம். வெட்கப்படாமல் வாருங்கள். இப்படிக்கு, தங்கை."

பிரேக் அக்கா அதைப் பார்த்தபோது அவள் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது.

"ஏன்டி, வீட்டுக் கஷ்டத்தைக் கொண்டுவந்து சுவத்துல எழுதுவியா?"

"எழுதத்தான் செஞ்சேன் அண்ணி. பெயிண்ட் அடிக்கல. துடைச்சா போயிடும்."

"அப்ப துடை!"

"நான் மாட்டேன். வேணும்னா நீங்க துடைங்க."

அக்கா டஸ்டரை எடுத்துவிட்டாள். போர்டுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த போர்டு சார், "இரும்மா" என்றார். "ரெண்டு வருஷமா டயாலிசிஸ்ல உன் மூஞ்சியையே பார்த்துட்டிருக்கேன். நாலு மணி நேரம், வாரத்துல மூணு நாள். நாலு வேற மூஞ்சியும் வரட்டுமே."

அவள் முறைத்தாள். அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "சிக்னல்ல தூங்கிட்டியாமே" என்றார்.

அவ்வளவுதான். டஸ்டரை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு முழுக்கக் கதவுகளைப் படார் படாரென்று சாத்தினாள். ஆனால் போர்டைத் துடைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறே காலுக்கு வாசலில் ஒரு ஆள் நின்றான். யாரென்று பார்த்தால் டெய்லர். நாலு தடவை லைசென்ஸ் டெஸ்டில் தோற்றவன். நாலு தடவையும் ரிவர்ஸில் நிறுத்துகிறபோதுதான் கவிழ்ந்தான். இருபது வருஷமாகத் தையல் மெஷினை மிதித்த கால் அது. ஆக்ஸிலேட்டரையும் அதே தாளத்தில் மிதிப்பான், வண்டி குதித்துக் குதித்துப் போகும். "டெய்லர், இது மெஷின் இல்ல, மிதிச்சா மிதிச்சபடி இருக்கணும்" என்று சொல்லிச் சொல்லி அக்காவுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

"நீங்களா? உங்களுக்கே ஓட்டத் தெரியாதே!" என்றாள் அவள்.

"அதனாலதான்க்கா வந்தேன். எனக்கும் கிளாஸ் ஆச்சு, சாருக்கும் டயாலிசிஸ் ஆச்சு. நீங்க பக்கத்துல உக்காந்தா போதும். ஒரு வகுப்பும் கேன்சல் பண்ணவேணாம் பாருங்க."

அதில் இருந்த நியாயம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு வருஷமாகத் தனக்குத் தோன்றாதது இந்தக் குதிக்கிற காலுக்குத் தோன்றிவிட்டதே!

அப்படித்தான் தொடங்கியது. திங்கள் டெய்லர், புதன் பேக்கரியம்மா, வெள்ளிக்கிழமைக்கு அடிதடி. முன் சீட்டில் ஓட்டுகிறவரும் அக்காவும், பின் சீட்டில் போர்டு சார். போகிற வழியெல்லாம் பின்னாலிருந்து பாடம் நடக்கும். "தம்பி, அந்த போர்டு என்ன சொல்லுது?" "வளைவு சார்." "எந்தப் பக்கம்?" "அது... திரும்பினதும் தெரிஞ்சிடும் சார்." போர்டு சார் சீட்டில் விழுந்து சிரிப்பார். டயாலிசிஸுக்குப் போகிற முகமா அது என்று டயாலிசிஸ் சென்டர் நர்ஸே ஒருநாள் கேட்டாள். சென்டரில் நாலு மணி நேரமும் ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்தார்கள். அக்கா அந்த நேரத்தில் வகுப்பு எடுத்தாள். சில நாள் வீட்டுக்குப் போய், சொன்னால் நம்பமாட்டீர்கள், தூங்கினாள்.

டயாலிசிஸுக்குச் சட்டைக் கையை மேலே ஏற்றவேண்டும், குளிரடிக்கும் அந்த அறையில். டெய்லர் இதைக் கவனித்திருக்கிறான். ஒரு வாரத்தில் ஒரு சட்டை தைத்துக்கொண்டுவந்தான். இடது கை முழுக்க, தோளிலிருந்து மணிக்கட்டு வரை, பிரஸ் பட்டன். ஊசி போடுகிற இடத்தை மட்டும் திறந்துகொள்ளலாம், மற்றதெல்லாம் மூடியிருக்கும். போர்டு சார் போட்டுக்கொண்டு, பட்டனைப் பட்பட்டென்று திறந்து மூடிக் காட்டினார். நன்றி சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்த அக்கா, "காஜா சரியா வரல" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று உள்ளே போய் அழுதாள். பிரஸ் பட்டனுக்கு ஏது காஜா?

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் மாறவே இல்லை. யார் ஓட்டினாலும், அவள் கால் இரண்டாவது பிரேக்கின் மேலேயே இருந்தது. பின்னால் உட்கார்ந்திருப்பது அவள் புருஷன் அல்லவா? முன்பு நாய்க்கு அழுத்தியவள், இப்போது குருவிக்கெல்லாம் அழுத்தினாள்.

எட்டு மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு அவள் போன் அடித்தது.

"பொருந்தும்போல இருக்கு. உடனே கிளம்பி வாங்க. பதினொன்னு நாப்பதுக்குள்ள இங்க இருக்கணும்."

போனை வைத்தவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "ஏங்க!" என்று ஒரே ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்திலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்த நாளிலிருந்து மூலையில் தயாராக இருந்த பையை நாத்தனார் தூக்கினாள். போர்டு சார் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். அக்கா முன்னால் ஓடினாள், கதவைத் திறந்தாள், உட்கார்ந்தாள், பெல்ட் போட்டாள், கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"ம்ம், கிளம்பலாம்" என்றாள்.

வண்டி கிளம்பவில்லை.

"கிளம்பலாம்னு சொல்றேன்ல!"

பின் சீட்டிலிருந்து போர்டு சார் மெதுவாகக் கேட்டார்: "யாரும்மா ஓட்டறது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஸ்டியரிங்குக்கு முன்னால் யாரும் இல்லை. பதினோரு தடவை ஒத்திகை பார்த்தவள், யாரும் கை வைக்கக்கூடாது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவள், நேராக ஓடிப்போய் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

பெல்ட்டைக் கழற்றி எழுந்திருக்கப் பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள். "என்னால முடியலங்க. கால் நிக்கல" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

நாத்தனார் போனில் டாக்ஸி தேடினாள். இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்றது. அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு டெய்லர் உள்ளே வந்தான். வியாழக்கிழமை அவனுக்கு ஐந்தாவது டெஸ்ட். பத்து மணி வகுப்புக்குக் கொஞ்சம் சீக்கிரமாக வந்திருந்தான், பாவம். நாத்தனார் அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காரவைத்தாள்.

"எங்கக்கா?"

"பெரிய ஆஸ்பத்திரி. கிட்னி வந்திருக்கு. ஓட்டுங்க!"

டெய்லர் உள்ளங்கை இரண்டையும் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். சாவியைத் திருப்பினான்.

முதல் முக்கு ரோட்டில் பழக்கதோஷத்தில் டயாலிசிஸ் சென்டர் பக்கம் இண்டிகேட்டர் போட்டான். "இன்னைக்கு அங்க இல்ல தம்பி, அந்தக் கடைக்கே இனிமே போகவேணாம்னுதான் இந்த ஓட்டம்" என்றார் போர்டு சார். நாத்தனார் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. ஒரு ஸ்கூட்டர் பக்கவாட்டில் வந்தது, பிரேக்கை அழுத்தினாள். பஸ் ஒன்று ஸ்டாப்பில் நின்றிருந்தது, அழுத்தினாள். யாரோ ஒருவர் நடைபாதையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அதற்கும் அழுத்தினாள். டெய்லர் வேகம் எடுப்பான், அவள் அழுத்துவாள். வண்டி கொஞ்சம் போய் உலுக்கி நின்று, மறுபடி போய் உலுக்கி நின்றது.

"பதினாலு" என்றார் போர்டு சார் பின்னாலிருந்து.

"என்னங்க பதினாலு?"

"நீ பிரேக் போட்டது."

பைபாஸ் ரோட்டில் ஏறினார்கள். ஒரு லாரி அடுத்த தடத்தில் உறுமிக்கொண்டு வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு முழு பலத்தோடு மிதித்தாள். வண்டி குலுங்கி நடு ரோட்டில் அணைந்தது. லாரி ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. மணி பத்து ஐம்பத்திரண்டு. பாதி தூரம்கூட வரவில்லை.

டெய்லர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, முன்னால் பார்த்தபடியே, "அக்கா, நீங்க காலை வெச்சா என்னால ஓட்டமுடியாதுக்கா" என்றான்.

"எடுத்தா? இடிச்சுட்டீங்கன்னா? பின்னாடி யார் உக்காந்திருக்காங்க தெரியுமா?" அவள் குரல் உடைந்தது.

"தெரியும்க்கா. எட்டு மாசமா அவரைத்தான் கூட்டிட்டுப் போறேன்."

போர்டு சார் முன்னால் சாய்ந்து அவள் தோளில் கை வைத்தார். அவர் இப்போது விளையாடவில்லை. "ஏம்மா. ரெண்டு வருஷத்துக்கு மேல நீ பார்த்துட்ட. நான் எதுவும் கேட்டதில்ல. இப்ப ஒண்ணு கேக்கறேன். காலை எடுத்துடு. நீ சொல்லிக்குடுத்த ஆளு அவரு. உன் பாடத்து மேல உனக்கே நம்பிக்கை இல்லன்னா எப்படி?"

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். ஒரு காலைத் தூக்கினாள், இன்னொரு காலைத் தூக்கினாள், சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மடியில் இரண்டு கையையும் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

"போங்க தம்பி" என்றாள்.

டெய்லர் ஸ்டார்ட் பண்ணினான். கியர் போட்டான். வண்டி நகர்ந்தது, வேகம் எடுத்தது, நிற்கவில்லை.

"அக்கா! வண்டி லேசாயிடுச்சுக்கா!" என்று கத்தினான் அவன். இத்தனை நாளும் அக்காவின் காலோடு சேர்த்துத்தான் ஓட்டியிருக்கிறான். வெறும் வண்டி எப்படி ஓடும் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கால் மிதித்தபடி இருந்தது, ஒரு குதிப்பு இல்லை. லாரிகளைத் தாண்டினான். பாலத்தில் ஏறி இறங்கினான். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கண்ணைத் திறந்தே பார்த்தாள்.

பாலம் இறங்குகிறபோது போர்டு சார் ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார்: "இந்நேரம் யாரோ ஒரு வீட்டுல அழுதுட்டிருப்பாங்க. அவ்வளவு அழுகையிலயும் சரின்னு ஒரு கையெழுத்துப் போட்டிருக்காங்க பாரு. அவங்க யாருன்னுகூட நமக்குச் சொல்லமாட்டாங்க." நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். அக்கா பின்னால் கையை நீட்டி, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார்கள். ஒன்பது நிமிஷம் மிச்சம். மூன்று பேரும் உள்ளே ஓடினார்கள். வெளியே டெய்லர், இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவில் இருந்த சின்ன இடத்தில், ரிவர்ஸில், ஒரே தடவையில், கோடு மாறாமல் வண்டியை நிறுத்தினான். சுற்றும்முற்றும் பார்த்தான். அதற்குச் சாட்சி ஒருவர்கூட இல்லை. இன்றுவரை அந்த ஆதங்கம் அவனுக்குத் தீரவில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மணிக்கு, ஒத்துப்போகிறது என்றார்கள். போர்டு சாரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு மேலிருந்த சிவப்பு வட்டத்தைக் காட்டி, "பாரும்மா, வட்டம். உத்தரவு. நீ உள்ள வரக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

பொழுது சாய்கிற நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். அக்கா முதலில் அவர் கண்ணாடியைத்தான் பார்த்தாள். மூக்கிலேயே இருந்தது. "பொருத்தியாச்சு. நல்லா இருக்கார். இனி அது வேலை செய்ய ஆரம்பிக்கணும். சிறுநீர் வரணும். அதைத்தான் எதிர்பார்க்கிறோம்" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு நர்ஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "வந்துடுச்சு! நிறைய வந்திருக்கு. பை நிறைஞ்சிடுச்சு!"

உலகத்தில் மூத்திரம் வந்ததற்கு இப்படி ஒரு சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். நாத்தனாரும் அண்ணியும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள், மறுபடி அழுதார்கள். "எவ்வளவு? எவ்வளவு?" என்று அக்கா நர்ஸைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நாத்தனார் போனை எடுத்து டிரைவிங் ஸ்கூல் குரூப்பில் குரலைப் பதிந்து அனுப்பினாள்: "எங்க அண்ணன் ஒண்ணுக்குப் போயிட்டாரு!" கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

இரண்டு நிமிஷம் கழித்து நர்ஸ் ஒருத்தி, "கீழ பார்க்கிங்ல என்ன கூத்து?" என்று ஜன்னலைத் திறந்தாள். அக்கா எட்டிப் பார்த்தாள். ஸ்கூலின் மூன்று வண்டிகள், எல் போர்டோடு. பேக்கரியம்மாவின் வேன். அவளிடம் படித்துப் போனவர்களின் வண்டிகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். முதல் வண்டியில் டெய்லர். விடிந்ததிலிருந்து அங்கேயே காத்திருந்திருக்கிறார்கள். கேட்டிலிருந்த போர்டில் ஒரு ஹாரன் படம், குறுக்கே சிவப்புக் கோடு. போர்டு சாரின் மாணவர்கள் அந்த போர்டை மீறுவார்களா? ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக எல்லா வண்டியிலும் வைப்பரை ஓடவிட்டிருந்தார்கள். ஒரு சொட்டு மழை இல்லாத வெயிலில், அத்தனை கண்ணாடியிலும் வைப்பர் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு கையையும் வெளியே நீட்டி, அவளும் அப்படியே ஆட்டினாள். "நல்லா இருங்கப்பா, எல்லாரும் நல்லா இருங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள். கீழே யாருக்கும் கேட்டிருக்காது.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கூட்டிப்போக டெய்லர்தான் வந்தான். அந்த வியாழக்கிழமையே டெஸ்டில் பாஸ் ஆகிவிட்டான், வண்டியில் எல் போர்டைக் கழற்றியிருந்தான். போர்டு சார் முகக்கவசத்தோடு, பிரஸ் பட்டன் சட்டையோடு, பின் சீட்டில் ஏறினார். அக்கா முன் கதவில் கை வைத்தாள்.

"நீங்க பின்னாடி போங்க அண்ணி. அண்ணன் பக்கத்துல" என்று நாத்தனார் முன்னால் ஏறிக்கொண்டாள்.

"கீழ இருக்கிற பிரேக்ல காலை வெச்சே, தெரியும் சேதி!"

"எனக்கு அது எதுன்னே தெரியாது அண்ணி."

அந்த வண்டியின் பின் சீட்டில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வண்டி நகர்ந்தது. முன்னால் ஒரு சைக்கிள் வளைந்தது. அக்காவின் கால் தானாகத் தரையை அழுத்தியது.

"அங்க ஒண்ணுமில்லம்மா" என்றார் போர்டு சார்.

"தெரியும்ங்க. பழக்கம்."

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மடக் மடக்கென்று, சத்தம் போட்டுக் குடித்தார். "ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கச் சொல்லியிருக்காங்க. இன்னும் ரெண்டு பாக்கி. நல்ல உத்தரவு, என்ன?" என்று வாயைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். அவர் ஏதோ ஜோக் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. டெய்லர் வண்டியை மெதுவாக, உலுக்காமல் நிறுத்தினான். கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தான். அக்கா வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பச்சை விழுந்தது. வண்டி கிளம்பிப் போனது.